சுவரும் கூரையும்: டிவி பொருத்த ஆளுக்குக் காசு கொடுப்பதா?

டிவியின் விலையைப் பேசி முடித்து, தவணைப் படிவத்தில் கையெழுத்தும் வைத்த பிறகுதான் கடைக்காரர் கேட்பார்: "பிராக்கெட் போட்டு மாட்டித் தர ஆள் அனுப்பவா?" அந்த நேரத்தில் அநேகமானோர் பணப்பையைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். பையில் மிச்சம் இருந்தால் ஓம். இல்லையென்றால் மச்சான் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ட்ரில் மெசினோடு வருவார். இரண்டுமே சுவரைப் பார்க்காமல் எடுத்த முடிவுகள்.

திருகோணமலை நகரம், உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, குடாவுக்கு அந்தப்பக்கம் கிண்ணியா, மூதூர் என்று துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. டிவியின் பெயரும் விலையும் இங்கே இரண்டாம் பட்சம். உங்கள் சுவர் எதனால் ஆனது, வேலைக்காகக் கூரைக்கு ஏற வேண்டுமா, சுவருக்குள் புது வயர் இழுக்க வேண்டுமா என்பவையே ஆள் தேவையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். இதில் ஒன்றுக்காவது தயக்கமான பதில் வந்தால் காசு கொடுங்கள். மற்ற வேலைகள் எல்லாவற்றையும் வீட்டில் உள்ளவர்களே செய்யலாம். அதற்கும் கூலி கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்லலாம்.

முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. ஐ.ரி.என். 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அன்றைய டிவி ஒரு பாரமான பெட்டி. நாலு பேர் தூக்கி மேசையில் வைத்தால் வேலை முடிந்தது. ஆள் தேவைப்பட்டது கூரைக்கு மேலே, அன்டனாக் குழாயைத் திருப்ப. இன்றைய டிவி மெலிந்து, பாரமும் குறைந்துவிட்டது. ஆனால் அதன் பாரத்தை மேசைக்குப் பதிலாக நாலு போல்ட்டுகள் தாங்குகின்றன, அந்தப் போல்ட்டுகளைச் சுவர் தாங்குகிறது.

முதலில் சுவர்

துறைமுகப் பக்கத்துச் சுவர்களில் பல காலங்கள் கலந்திருக்கின்றன. பழைய நகரப் பகுதியில் சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள் இன்னும் உண்டு. அதற்குப் பிந்திய வீடுகளில் செங்கல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலத்திலும் எழுந்த வீடுகளில் பலவும் சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டவை. பூச்சும் பெயின்றும் ஏறிய பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். துளை போடும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும், அதற்குள் டிவியும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டிருக்கும்.

ஆகவே டிவி வாங்கப் போவதற்கு முன்பே சுவரை அறிந்துகொள்ளுங்கள். சீலிங் அடித்த வீடென்றால் சீலிங்குக்கு மேலே பூச்சில்லாத பகுதியில் டோர்ச் அடித்துப் பார்த்தால் கல் தெரியும். அது முடியாவிட்டால், பிராக்கெட் வந்து மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. பிற்றால் ஒரு துளை போட்டுத் தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் சீராக வந்து, பிற் கடைசிவரை ஒரே இறுக்கத்தோடு போனால் செங்கல். அது நல்ல செய்தி. சாம்பல் தூள் வந்து, பூச்சைத் தாண்டி இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குப் பிறகு பிற் திடீரென்று உள்ளே விழுந்தால் பொள்ளல் சீமெந்துக் கல். சாம்பல் தூளே கடைசிவரை இறுக்கமாக வந்தால் பொள்ளல் இல்லாத கல் அல்லது கொங்கிறீற் தூண். வெள்ளைத் தூள் நெடுக வந்து, துளையின் விளிம்பு உதிர்ந்துகொண்டே இருந்தால் சுண்ணாம்புச் சுவர்.

செங்கல்லிலும் பொள்ளல் இல்லாத கல்லிலும் சாதாரண ரோல் பிளக்கே போதும். ஆனால் அது பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போயிருக்க வேண்டும். நம் வீடுகளில் பூச்சு மட்டும் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பு இருக்கும். 4 செ.மீ. நீளமான பிளக்கைப் போட்டால் அதில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். டிவி சில மாதம் அசையாமல் இருந்து, பிறகு மேற்பக்கம் மெல்ல முன்னுக்குச் சாய்வதன் காரணம் அநேகமாக இதுதான். 8 அல்லது 10 மி.மீ. பிற்றால் 7 செ.மீ. ஆழத்துக்குப் போட்டு, தூளை ஊதி வெளியேற்றிவிட்டுப் பிளக்கைத் தட்டுங்கள். இவ்வளவையும் ஹெமர் ட்ரில் வைத்திருக்கும் யாரும் செய்யலாம்.

பொள்ளல் கல்லில் கதை வேறு. கல்லின் முகம் மூன்று சென்ரிமீற்றர்தான், அதற்குப் பின்னால் வெற்றிடம். அதிலும் ஊருக்குள் வார்க்கும் கற்களில் சீமெந்து எவ்வளவு, மணல் எவ்வளவு என்பது வார்த்தவருக்குத்தான் தெரியும். ரோல் பிளக் அதில் இறுகுவதற்கு ஒன்றுமில்லை. போல்ட்டை இறுக்க இறுக்கக் கல்லின் முகம் வெடித்துப் போகும். அனுபவமுள்ள மேசன்மார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். துளையைச் சுவருக்கு மறுபக்கம் வரை கொண்டுபோய், அந்தப் பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து, நீளமான போல்ட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்குவது. மறுபக்கத்து அறையில் தகடு தெரியும். அதற்கு மேல் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டால் போயிற்று. இந்த வேலைக்கு ஆள் பிடியுங்கள். உங்கள் சுவர் பொள்ளல் கல் என்றும், உங்களுக்குக் கைப்பழக்கம் இல்லை என்றும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைப் படிக்காமலே அந்த முடிவை எடுக்கலாம்.

சுண்ணாம்புச் சுவருக்கும் அதே ஆலோசனைதான். அங்கே ஆள் தேவைப்படுவது பழைய பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழாமல் துளை போடுவதற்கு.

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதில் இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை கடலிலிருந்து வந்து வடக்கு, கிழக்குப் பக்கத்து வெளிச்சுவர்களில் அடிக்கும். சரியாகப் பூசாத சுவர் அந்த நாலு மாதமும் ஈரத்தை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கும். டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்று குறைவு என்பதால் ஈரம் அங்கே தங்கிவிடும். அப்படியானால் வீட்டுக்குள் இருக்கும் இடைச்சுவரே பாதுகாப்பு. ஆனால் இடைச்சுவர்தான் பெரும்பாலும் மெல்லியது, நாலு அங்குலக் கல். தடித்த சுவர் நனையும், நனையாத சுவர் தாங்காது. இந்த இழுபறியில் நான் இடைச்சுவரைத் தேர்ந்து, மறுபக்கம் தகடு வைத்து இறுக்கச் சொல்வேன். மெல்லிய சுவரை ஒரு நாளில் பலப்படுத்தலாம், வெளிச்சுவரின் ஈரத்தை ஒரு நாளில் நிறுத்த முடியாது.

வெளிச்சுவர்தான் என்று வீட்டின் அமைப்பே தீர்மானித்துவிட்டால், மழை நாட்களில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவரில் டிவி வேண்டாம், மேசையில் வையுங்கள்.

எந்த பிராக்கெட்

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். சுவரோடு ஒட்டிக்கிடப்பது ஒன்று. மடங்கும் கையோடு வெளியே இழுத்துத் திருப்பக்கூடியது மற்றது. இரண்டாவது வகை பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஹோலில் இருந்தும் குசினியில் இருந்தும் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் அது சுவரிடம் கேட்பது வேறு கணக்கு.

55 அங்குல டிவி ஒன்று 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பதியும் தகட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 20 செ.மீ. தூரம். ஒட்டிக்கிடக்கும் பிராக்கெட்டில் டிவியின் பாரம் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கிறது. அப்போது மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும் இழுவை 16ஐ 5ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் வருவது, அதாவது 4 கிலோ. அதே டிவியைக் கையில் மாட்டி 40 செ.மீ. வெளியே இழுத்தால் இழுவை 32 கிலோ. டிவி மாறவில்லை, சுவரும் மாறவில்லை, இழுவை மட்டும் எட்டு மடங்கு. பிள்ளை ஒன்று அதன் மூலையைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒட்டிக்கிடக்கும் பிராக்கெட், செங்கல் சுவர், 43 அங்குலத்துக்குள் டிவி என்றால் ஆள் வேண்டாம். கை நீளும் பிராக்கெட் என்றால் செங்கல் சுவராக இருந்தாலும் ஆள் பிடியுங்கள். கை நீளும் பிராக்கெட்டைப் பொள்ளல் கல்லில் மாட்டித் தருகிறேன் என்று தயக்கமே இல்லாமல் சொல்பவரை அனுப்பிவிட்டு வேறு ஆள் பாருங்கள்.

டிவியின் முதுகில் உள்ள நாலு துளைகளின் இடைவெளி உலகம் முழுக்க ஒரே முறையில் அளக்கப்படுகிறது. வெசா அளவு என்பார்கள். 200 × 200 என்றால் துளைக்குத் துளை குறுக்கே 200 மி.மீ., நெடுக்கே 200 மி.மீ. பிராக்கெட் பெட்டியில் இந்த அளவும், தாங்கக்கூடிய நிறையும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் டிவியின் கையேட்டோடு ஒப்பிட்டால் தவறாது. பிராக்கெட்டோடு வரும் பல நீளத் திருகாணிகளில் மிக நீளமானதை "இறுக்கமாக இருக்கட்டும்" என்று போடாதீர்கள். அது டிவிக்குள் போய்ப் பனலை முட்டும். அப்படி உடைந்தால் கம்பனி உத்தரவாதம் கைகொடுக்காது. கையால் முழுவதும் சுழற்றி உள்ளே போகாத திருகாணி தவறான திருகாணி.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. டிவியின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே வர வேண்டும். கதிரையில் இருப்பவருக்கு அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 110 செ.மீ., பாயில் இருப்பவருக்கு 75 செ.மீ. நம் வீடுகளிலோ சாமிப்படத்துக்குப் பக்கத்தில், கதவு நிலைக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள், பிறகு கழுத்து நோகிறது என்கிறார்கள். பொருத்த வருகிறவர் எந்த உயரம் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போவார். அது அவர் கழுத்தல்லவே. பெட்டியை வெட்டி டிவியின் அளவுக்கு மட்டை ஒன்று எடுத்து, சுவரில் ஒட்டி, குடும்பமே ஒரு பின்னேரம் உட்கார்ந்து பாருங்கள். 55 அங்குல டிவிக்கு மட்டை 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். 43 அங்குலத்துக்கு 95, 54. கிழக்கு யன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் காலை வெயிலில் திரையில் யன்னல்தான் தெரியும் என்பதையும் அந்த மட்டையே காட்டிக்கொடுக்கும்.

கறள்

பிராக்கெட் பெட்டிக்குள் வரும் போல்ட்டுகள் துத்தநாக முலாம் பூசியவை. கண்டியிலோ வவுனியாவிலோ அவை வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். கடலைப் பார்த்த வீட்டில், அதுவும் கிறில் யன்னல் வழியே உப்புக்காற்று நேரே ஹோலுக்குள் வரும் வீட்டில், முலாம் போய்க் கறள் பிடிக்கும். திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் இருப்பவர்கள் பெட்டியில் வந்த போல்ட்டை ஒதுக்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்குங்கள். அதிலும் 304, 316 என்று இரண்டு தரம் உண்டு. 316இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அது கூடுதலாகத் தாங்கும். வீட்டுக்குள் 304 போதும், கூரைக்கு மேலே கிடைத்தால் 316. டிவி விலையோடு பார்த்தால் போல்ட்டின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் கூலிக்கு வருகிறவர் தானாக இதை வாங்கி வரமாட்டார், நீங்கள் வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும்.

கூரை

கூரை வேலைக்கு நான் எந்த விலக்கும் கொடுக்கப்போவதில்லை. தட்டு அன்டனாவோ குழாய் அன்டனாவோ, கூரைக்கு ஏற வேண்டும் என்றால் காசு கொடுத்து ஆளை ஏற்றுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் கால் வைத்ததும் உடையும். அதன் மேல் மரச்சட்டம் எங்கே போகிறது என்று ஆணி வரிசையைப் பார்த்து நடக்கத் தெரிந்தவர்களே ஏற வேண்டும். பழைய ஓட்டுக் கூரையும் அப்படித்தான். குழாய் அன்டனா நிறுத்தும்போது ஆபத்து இன்னும் அதிகம். வீதியோரத்து மின்கம்பிக்குக் கிட்ட, கையில் பிடித்த நீளமான ஜி.ஐ. குழாய் சாய்ந்தால் உயிர் போகும். குழாய் முழு நீளத்துக்கும் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத இடத்தில்தான் அதை நிறுத்த வேண்டும். அப்படி இடமே இல்லாத வளவில் குழாய் அன்டனாவை மறந்துவிடுங்கள்.

டயலொக் டிவி போன்ற சேவை எடுப்பவர்களுக்கு இணைப்போடு ஆட்கள் வந்து தட்டைப் பொருத்துவார்கள். அதற்குத் தனியாக வெளியாள் தேவையில்லை. ஆனால் அவர்கள் வரும்போது வீட்டுக்காரர் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. அந்தத் தட்டு இங்கிருந்து மேற்கு வானைப் பார்க்கும், ஏறத்தாழப் பாதிச் சரிவில். தட்டைவிட 10 மீற்றர் உயர்ந்த தென்னை மேற்குப் பக்கத்தில் 10 மீற்றருக்குள் நின்றால் ஓலை மறைக்கும். பொருத்தும் நாளில் மறைக்காவிட்டாலும் காற்றில் ஆடும்போது மறைக்கும். இன்னொன்று, மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. தட்டின் முகம் அந்தக் காற்றுக்கு நேரே நிற்கிறது. கடலுக்குப் பயந்து கிழக்கைப் பார்த்துக்கொண்டு தட்டின் பிடியை இரண்டு போல்ட்டோடு விட்டால் ஓகஸ்டில் படம் புள்ளி புள்ளியாகப் போகும், நாமோ மழையைக் குறை சொல்வோம். நாலு போல்ட்டும் போடச் சொல்லுங்கள், சீற்றில் அல்லாமல் சுவரில் அல்லது கொங்கிறீற்றில்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அது ஒரு தொய்வு விட்டுக் கீழிறங்கி மேலே ஏறி உள்ளே போக வேண்டும். அப்போது மழைத்தண்ணீர் தொய்வின் அடியில் சொட்டிவிடும், வயர் வழியே சுவருக்குள் வராது. தட்டின் முனையில் கேபிள் செருகும் இடத்தை நீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றச் சொல்லுங்கள். உப்பீரம் புகுந்த கேபிளின் செம்பு பச்சையாகிவிடும், பிறகு டிவியை எத்தனை தரம் டியூன் செய்தாலும் பயனில்லை.

இந்த வேலைகளை ஒக்டோபருக்கு முன்பே முடியுங்கள். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2ஆம் திகதி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையைக் கடந்தது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு தட்டை இறுக்க ஆள் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள், கிடைக்கவும் கூடாது.

கரண்ட்

டிவியைச் சுவரில் ஏற்றியதும் வயர் எட்டாது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும். கேசிங் அடித்து மேலோட்டமாக வயரை மறைப்பது வீட்டு வேலை. அளந்து வாங்கி நீங்களே ஒட்டலாம். சுவரைக் கொத்திப் புதிய பிளக் பொயின்ட் எடுப்பது எலக்ட்ரீஷியன் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை, எக்ஸ்டென்ஷன் வயரைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிடும் தந்திரம் உட்பட.

துளை போடும்போது ஏற்கெனவே உள்ள சுவிட்ச், பிளக் பொயின்ட் ஆகியவற்றுக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் ட்ரில்லைக் கொண்டுபோகாதீர்கள். வயர் ஓடும் குழாய் அநேகமாக அந்த நேர்கோட்டில்தான் புதைந்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து எடுத்த கரண்டிலோ பற்றரி ட்ரில்லாலோ வேலை செய்வது இன்னும் நல்லது. அணைப்பதற்கு முன், கரண்ட் இருக்கும்போதே, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

இலங்கையின் தரமான பிளக் இப்போது சதுர முள் 13 ஆம்பியர். டிவியோடு வருவது இரண்டு முள் பிளக்காக இருந்தால், பேனா முனையால் மேல் துளையைக் குத்தித் திறந்து செருகும் நம் ஊர்ப் பழக்கத்தைச் சுவர் டிவிக்குக் கொண்டுபோகாதீர்கள். தளர்வாக நிற்கும் முள் டிவிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், சூடாகிக்கொண்டிருக்கும். சரியான பிளக்கை மாற்றிப் போடுவது பத்து நிமிட வேலை.

ஸ்டெபிலைசர் விற்கப் பார்ப்பார்கள். வாங்கும் முன் டிவியின் முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும், அந்தக் காசு மிச்சம். உண்மையான எதிரி இடி. மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் முழக்கம் கேட்டவுடன் பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அன்டனா வயரை மறந்தவர்களின் டிவிகள் திருத்துமிடங்களில் நிறையக் கிடக்கின்றன. இதனால்தான் டிவியைப் பொருத்தும்போது பின்னால் கை போகுமளவு இடம் விடச் சொல்ல வேண்டும். சுவரோடு முழுக்க ஒட்டிய டிவி அழகாக இருக்கும், இடி நேரத்தில் கழற்ற முடியாது.

காசு கொடுக்க வேண்டாத வேலைகள்

டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் சொந்தக் காலில் நிறுத்துவது, சனல் தேடுவது, வைஃபை இணைப்பது, யூடியூப் திறப்பது, பழைய டிவிடியைச் செருகுவது. இவற்றை வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும். "செற்றிங் சார்ஜ்" என்று சிட்டையில் ஒரு வரி வந்தால் அது என்ன என்று கேளுங்கள். பீயோ டிவி போன்ற இணையவழிச் சேவைக்கு அந்தக் கம்பனியின் ஆட்களே வந்து போவார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது இடமாற்றம் வந்து இரண்டு மூன்று வருடத்துக்கு உவர்மலையிலோ பாலையூற்றிலோ குடியிருக்கும் அரச ஊழியர்களுக்கு, என் யோசனை வேறு. சுவரைத் தொடாதீர்கள். அகலமான, தாழ்வான மேசையில் வைத்து, டிவியின் முதுகிலிருந்து மேசைக்கு ஒரு பட்டி கட்டிவிடுங்கள், பிள்ளை இழுத்தாலும் கவிழாது. வீட்டுக்காரரிடம் அனுமதி, போகும்போது துளை அடைத்துப் பெயின்ற் அடிக்கும் செலவு, புது வீட்டில் மறுபடி கூலி எல்லாம் மிச்சம்.

ட்ரில் மெசின், பிற், நீர்மட்டம் எதுவும் இல்லாத வீட்டில் ஒரு டிவிக்காக அவற்றை வாங்குவதும் சிக்கனமல்ல. ஒரு மேசனின் அரைநாள் கூலியை அளவுகோலாக வையுங்கள். கருவிகளின் விலை அதைத் தாண்டினால், சுவர் நல்ல செங்கல்லாக இருந்தாலும் ஆள் பிடிப்பதே இலாபம்.

ஆள் பிடிக்கும்போது

கடை ஆள், ஊர் எலக்ட்ரீஷியன், மேசன் என்று மூவர் இருக்கிறார்கள். கடை ஆளுக்கு டிவி தெரியும், உங்கள் சுவர் தெரியாது. அன்றைக்கு அவருக்கு இன்னும் ஐந்து வீடு இருக்கும். மேசனுக்குச் சுவர் தெரியும், டிவியின் முதுகில் உள்ள திருகாணி தெரியாது. பொள்ளல் கல் வீட்டுக்கு நான் மேசனையே கூப்பிடுவேன். அவர் பிராக்கெட்டைச் சுவரில் இறுக்கட்டும், டிவியை அதில் கொளுவுவதை வீட்டிலுள்ள இருவர் செய்யலாம். புது வயர் இழுக்கும் வேலை சேர்ந்தால் எலக்ட்ரீஷியன். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

"இலவசமாகப் பொருத்தித் தருவோம்" என்று கடை சொன்னால் எதுவரை என்று கேளுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு துறையைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை போய்விட்டது. ஆனாலும் நகரத்துக்கு வெளியே என்றால் வாகனக் கூலி தனி என்று கடைசியில் சொல்வது உண்டு. பிராக்கெட் யாருடையது, அதுவும் தனி விலையா என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள். 55 அங்குல டிவி முச்சக்கர வண்டியில் நிமிர்ந்து நிற்காது. கிடத்திக் கொண்டுபோனால் குழியில் விழும் ஒவ்வொரு குலுக்கமும் பனலின் நடுவில் இறங்கும். கடை வாகனத்தில் வருவதற்கென்றே சிறு தொகை கொடுக்கலாம், அது நல்ல செலவு.

வேலையைப் பேசும்போது கேள்வியை இப்படித் தொடங்குங்கள்: "தம்பி, இது பொள்ளல் கல். என்ன போட்டு இறுக்குவீங்கள்?" கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருபவர் என்றால் "நானா" என்று கூப்பிடுங்கள், கேள்வி அதேதான். "அதெல்லாம் ரோல் பிளக் தாங்கும் அண்ணே" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடிக்கலாம். "மறுபக்கம் பார்க்கலாமா? அந்த அறையில் என்ன இருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அவரே ஆள். துளை போடும் முன் சுவரில் பென்சிலால் கோடு போட்டு நீர்மட்டம் வைக்கிறாரா என்று பாருங்கள். டிவியை மாட்டிய பிறகு ஒரு பக்கம் சரிந்திருந்தால் அதைத் திருத்த மறுபடி துளைதான் போட வேண்டிவரும்.

பேசிய கூலியில் பாதியை வேலை முடிந்து டிவி ஓடும்வரை கையில் வைத்திருங்கள். மாட்டியதும் டிவியை இறக்கச் சொல்லி, வெறும் பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கியும் முன்னோக்கியும் இழுத்துப் பாருங்கள். அசைவோ தூளோ தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள். கடை மூலம் வந்த வேலை என்றால் டிவிக்கான சிட்டையிலேயே பொருத்தும் கூலியையும் பிராக்கெட்டையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். பின்னால் பிணக்கு வந்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்க வேண்டிவந்தால் முதலில் கேட்பது அந்தச் சிட்டையைத்தான். மிச்சத் திருகாணிகளை ஒரு பையில் போட்டு, சுவரின் வகை, போல்ட்டின் நீளம், மாட்டிய திகதி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, டிவியின் கையேட்டுக்குள் வையுங்கள். அடுத்த டிவிக்கு அதே துளைகள் உதவும்.